அந்தப் பக்கத்துக் குரல்

எங்கள் ஆசிரியர் வீட்டு ஹாலில் இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தன. இடுப்பளவு உயரம், கறுப்பு மரப்பெட்டி, முன்பக்கம் துணி கட்டியது. மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி வீடு; அதுதான் எங்கள் இணைய இதழின் அலுவலகமும். வெள்ளிக்கிழமைதோறும் புதிதாக வெளியான பாப், ராக் ஆல்பங்களை அந்த ஸ்பீக்கர்களில் போட்டுக் கேட்டுவிட்டு, யார் எதற்கு விமர்சனம் எழுதுவது என்று பிரித்துக்கொள்வோம். மற்றவர்கள் படியேறி வரும்போது நான் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பேன். எப்போதும் ஒரே நாற்காலி, வலது பக்கச் சுவரை ஒட்டியது. அங்கே உட்கார்ந்தால் ஸ்பீக்கர்களும் பேசுகிற ஆட்களும் எல்லாமே எனக்கு இடது பக்கம். முதல் ஆளாக வருகிற பையன் என்று ஆசிரியர் என்னைப் பாராட்டுவார். எனக்கு வலது காது கேட்காது. நாற்காலி பறிபோய்விடுமோ என்ற பயத்தில்தான் முதல் ஆளாக வந்துகொண்டிருந்தேன்.

இதை இப்போது இரண்டு வரியில் எழுதிவிட்டேன். வாயைத் திறந்து சொல்ல எனக்குப் பதினான்கு வருஷம் ஆனது. சொல்லவைத்தவர் ஓர் அக்கா. பெசன்ட் நகர் மாதா கோயில் கொயரில் பாடுகிறவர், பகலில் தி.நகர் புடவைக் கடையில் நிற்கிறவர். என் விமர்சனங்களிலேயே அதிகம் பேர் படித்தது அவர் பாடிய ஆல்பத்தைப் பற்றியதுதான். அதை எழுதும்போது அவர் குரலை நான் ஒருமுறைகூடக் கேட்டிருக்கவில்லை.

நான் கொட்டிவாக்கத்துப் பையன். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா அடையாறில் மீன் விற்கிறவள். பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்துக் கல்லூரிக்குப் போனவன் எங்கள் குடும்பத்தில் நான் மட்டும்தான். பதினோரு வயதில் காதில் சீழ் வைத்தது. அம்மா எண்ணெய் காய்ச்சி ஊற்றினாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் சவ்வு போய்விட்டது. அது தன் தப்பு என்று அம்மா இன்றைக்கும் நினைக்கிறாள், அதனால் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியவரை எல்லோரும் செவுடு என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் செத்தபோது போஸ்டர் அடிக்கப் பெயர் கேட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியவில்லை. நான் கூட்டத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து வகுப்பில் பெஞ்சின் வலது ஓரம், பஸ்ஸில் வலது ஜன்னல், நண்பர்களோடு நடந்தால் அவர்களுக்கு வலது கைப் பக்கம். யாராவது இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டால் ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவேன்.

இப்படிப்பட்டவன் பாட்டுக்கு விமர்சனம் எழுதப் போனது என்ன துணிச்சல் என்று கேட்கலாம். போனில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. ராக் பாட்டுகளில் ஒரு கிடார் இடது பக்கம், இன்னொன்று வலது பக்கம் என்று பிரித்துத்தான் வைப்பார்கள். அந்த ஸ்விட்சைப் போட்டால் இரண்டையும் கலந்து இரண்டு காதுக்கும் ஒன்றாகத் தந்துவிடும். மோனோ என்று பெயர். கல்லூரி விடுதியில் அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஒரு முழு உலகம் கிடைத்தது. எழுதுகிற ஒவ்வொரு ஆல்பத்தையும் ஐந்து தடவை கேட்பேன், எதையாவது விட்டிருப்பேனோ என்ற பயத்தில். அந்தப் பயம் எழுத்தில் அக்கறையாகத் தெரிந்திருக்க வேண்டும். "நீ எழுதறது நன்னா இருக்குடா, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாப் பிரிச்சுக் கேக்கறே"என்பார் ஆசிரியர். அவர் பாராட்டப் பாராட்ட, மாட்டிக்கொண்டால் விழப்போகிற உயரம்தான் கூடிக்கொண்டு போனது.

ஒருமுறை எங்களில் ஒருவர் முதல் மூன்று பாட்டை மட்டும் கேட்டுவிட்டு முழு ஆல்பத்துக்கும் எழுதிவிட்டார். அது தெரிந்ததும் ஆசிரியர் கோபப்படவில்லை, கத்தவில்லை. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கேக்காம எழுதறவன் இனிமே இந்தாத்துப் படி ஏறப்படாது"என்றார். அவ்வளவுதான். அந்த ஆளை அதற்கப்புறம் நாங்கள் யாரும் பார்க்கவில்லை. என் சுவரோரத்து நாற்காலியில் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

என் பழைய போன் அம்மாவின் ஐஸ் பெட்டிக்குள் விழுந்து செத்துப்போனது. வேறு போன் வாங்கி நம்பர், படங்கள், பாஸ்வேர்டு எல்லாம் மாற்றிக்கொண்டேன். மோனோ ஸ்விட்சைப் போட மறந்துவிட்டேன். அந்த வாரம் எனக்கு வந்தது கொட்டிவாக்கத்திலேயே பயிற்சி செய்யும் ஒரு பேண்டின் முதல் ஆல்பம். வெளியாவதற்கு முன்பே விமர்சகர்களுக்கு அனுப்பும் லிங்க், பாடியவர்கள் பெயர்கூட இல்லாமல். ஆல்பத்தின் பெயர் 'ரோட்டுக்கு அந்தப் பக்கம்'. ஒவ்வொரு பாட்டிலும் ஒருவன் ரோட்டின் இந்தப் பக்கம் நின்று எதிர்ப்பக்கத்து ஆளிடம் எதையோ கேட்கிறான். சாப்பிட்டியா, கோபமா, எப்போ வருவே. கேட்டபின் பாட்டு நான்கு தாளத்துக்கு அப்படியே நிற்கும். டிரம்ஸ் மட்டும் மெதுவாகப் போகும். தூரத்தில் காற்று மாதிரி ஏதோ ஒன்று. பிறகு அடுத்த கேள்வி.

ஐந்து தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடைவெளியில் மயிர்க்கூச்செறிந்தது. எழுதினேன்: 'அந்தப் பக்கத்திலிருந்து பதிலே வரவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறவனின் எதிரில் வெறும் ரோடு. பதிலை எழுதிப் பாடவைக்க எந்த பேண்டுக்கும் ஆசை வரும். இவர்கள் மௌனத்தை வைத்திருக்கிறார்கள். அந்த மௌனத்துக்குள் பேய் முனகுவது மாதிரி ஒரு சத்தம் மட்டும். இந்த வருஷம் நான் கேட்ட மிகத் தைரியமான முடிவு இது.'

வியாழக்கிழமை காலை ஆல்பமும் விமர்சனமும் ஒன்றாக வெளியாயின. மத்தியானத்துக்குள் அந்தப் பத்தியை, பாட்டைக் கேட்பதற்கு முன்பே, ஆளாளுக்குப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். சாயந்திரம் நான் குளத்துக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது பேண்டின் கிடார்காரர் போன் செய்தார். பாட்டுகளை எழுதியவரும் அவர்தான்.

"மச்சி, இன்னா மச்சி இப்டி எழுதிட்ட! காலைல முதல்ல காண்டாயிட்டேன். அப்புறம் பத்து தடவ படிச்சேன். நீ சொல்ல வர்றது புரிஞ்சிருச்சு."

"என்ன புரிஞ்சுது?"

"அக்கா வாய்ஸ் வேணாங்கற. அத நேராச் சொல்லாம, அது இல்லாத மாதிரியே எழுதிட்ட பாரு, கில்லாடிடா நீ. கரெக்ட்தான் மச்சி. பதில் வந்தா கத முடிஞ்சிருது. ஞாயித்துக்கெழம அடையாறுல ஷோ. அக்காவ நிறுத்திட்டு சைலன்ஸ் வெச்சிரலாம்னு இருக்கோம். அதுவும் பாவம், தி.நகர்ல பொடவக் கடைல நின்னு நின்னு கால் வலின்னுது. ரெஸ்ட் எடுக்கட்டும்."

எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. போனை வைத்ததும் இயர்போனை எடுத்தேன். வலது காதுக்கானதை எடுத்து இடது காதில் வைத்தேன்.

முதல் பாட்டு. இப்போது கேள்வி கேட்கிறவன் எங்கேயோ தூரத்தில் இருந்தான். நான் மௌனம் என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு பெண் பாடினாள். அவளை வலது பக்கத்தில் மட்டும் வைத்திருந்தார்கள். கனமான, கொஞ்சம் கரகரத்த குரல். அலங்காரம் எதுவும் இல்லை. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே பதில் சொல்கிற மாதிரி. சாப்பிட்டியா என்றதற்கு, உனக்கு எடுத்துவெச்சிட்டுச் சாப்பிட்டேன் என்றாள். ஒவ்வொரு பாட்டிலும் இருந்தாள். ஆல்பத்தில் பாதி அவள். இரண்டு பஸ் வந்து போனதை நான் கவனிக்கவில்லை. யாரோ என் வலது பக்கத்தில் நின்று ஏதோ கேட்டிருக்கிறார்கள். பதில் வராமல் திட்டிக்கொண்டே என் முன்னால் கடந்துபோனபோதுதான் தெரிந்தது.

அன்றைய பயத்தை எப்படி எழுதுவது? எனக்கு இரண்டு வழி இருந்தது. சும்மா இருந்தால் நான் கில்லாடி. எல்லோரும் ரசித்த பத்தி அப்படியே நிற்கும், ஒரு அக்கா மேடையில் ஏற மாட்டார், ஏன் என்று அவருக்கே தெரியாது. சொன்னால் நான் கேட்காமல் எழுதியவன். ஆசிரியர் டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. என் தெருப் பெரியவருக்கு அடித்த, பெயர் இல்லாத போஸ்டரும் ஞாபகம் வந்தது. மறுநாள், வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வர முடியாது, காய்ச்சல் என்று செய்தி அனுப்பிவிட்டு தி.நகருக்கு பஸ் ஏறினேன். என்ன சொல்லப்போகிறேன் என்று முடிவு செய்யவில்லை. அந்த அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்திருந்தேன்.

கடையின் பெயரைக் கிடார்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். இரண்டாவது மாடி, காட்டன் பிரிவு. சீருடைப் புடவை கட்டிய பெண்கள் வரிசையாக நின்றார்கள். "ஏய், அந்த மாம்பழக் கலர எறக்குடி"என்று ஒரு குரல் வந்தது. அந்தக் கரகரப்புதான். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை.

"வாங்க சார், யாருக்குப் பாக்குறீங்க?"

"அம்மாவுக்கு."

"அம்மாவுக்கா, ஆளுக்கா? நெசமாச் சொல்லு, அதுக்கேத்த மாதிரி எடுக்கறேன்."பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள். நான் அம்மா என்றேன். அக்கா ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் போட்டார். அம்மா கறுப்பா, மாநிறமா, வெளுப்பா, தினமும் கட்டவா, விசேஷத்துக்கா என்றெல்லாம் கேட்டார். மீன் விற்கிறவள் என்று நான் சொன்னதும் அவர் பேச்சில் கடைத் தமிழ் போய் வீட்டுத் தமிழ் வந்தது. நான் பார்டரைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

அவர் என் பின்னாலிருந்த அலமாரிக்குப் போய்விட்டு வலது பக்கமாக வந்து நின்றிருக்கிறார். தோளில் யாரோ தட்டினார்கள். திரும்பினால் அக்கா, கையில் ஒரு நீலப் புடவையோடு.

"இன்னாப்பா, எவ்ளோ நேரமா கூப்டுகினு கீறேன், செவுடா நீ?"

எல்லோரும் எல்லோரிடமும் சொல்கிற பேச்சு. கண்டக்டர் சொல்வார், டீக்கடையில் சொல்வார்கள். பதினான்கு வருஷமாக அதற்குச் சிரித்துச் சமாளித்தவன் நான். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆமாக்கா. இந்தப் பக்கம் செவுடு."

அவர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஐயோ, வெளையாட்டுக்குச் சொன்னேன்பா. தப்பா எடுத்துக்காத."

"நான்தான்க்கா அந்த விமர்சனத்த எழுதினேன். ஆல்பத்துக்கு."

நீலப் புடவை அவர் கையிலிருந்து மேஜைக்கு வந்தது. அதன் மடிப்பை நீவினார். "நீயா அது? பேய் மொனகுதுன்னு எழுதனது?"என்றார் மெதுவாக. "பதினெட்டு வருசமா கொயர்ல பாடறேன். ஃபாதர் திட்டிக்கீறாரு, கூடப் பாடறவளுங்க பொறாமப்பட்டுக்கீறாளுங்க. பேய்னு ஒருத்தரும் சொன்னதில்ல. நேத்துலேர்ந்து தொண்டைல சோறு எறங்கல எனக்கு."

சொன்னேன். போன், ஸ்விட்ச், இயர்போன், பஸ் நிறுத்தம், ஞாயிறு ஷோவில் அவரை நிறுத்தப்போவது, எல்லாவற்றையும். புடவைகளுக்கு நடுவில் ரகசியம் மாதிரி. முடித்ததும், "அப்ப நீ என்னக் கேக்கவே இல்ல"என்றார்.

"எழுதும்போது கேக்கல. அப்புறம் மாத்தி வெச்சுக் கேட்டேன்."

"கேட்டல்ல? எப்டி கீது?"

"ரொம்ப நல்லா இருக்குக்கா."

"நல்லா கீதுன்னு சொல்றதுக்கா பஸ் ஏறி வந்த? எழுதற மாதிரி சொல்லு."

பயத்தில் எனக்குப் பொய் வரவில்லை. ஆல்பத்தில் நிற்கப்போவது அவர் குரல்தான் என்றேன். பிறகு, மூன்றாவது பாட்டின் கடைசி அடியில், நீட்டுகிற இடத்தில், சுதி கொஞ்சம் கீழே இறங்கிவிடுகிறது என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

அக்கா என்னை உற்றுப் பார்த்தார். "அன்னிக்கி தீபாவளிக் கூட்டம். பத்து மணி நேரம் நின்னுட்டு நேரா ரெக்கார்டிங் போனேன். மூச்சு நிக்கல. இன்னொரு தபா பாடறேன்னேன், போதும்னுட்டானுங்க. யாருக்கும் தெரியாதுன்னானுங்க."புடவையை மடிக்க ஆரம்பித்தார். "அப்ப நீ நெசமாத்தான் கேட்டுக்கீற."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு வாங்கியிருப்பதாகவும், திருப்பிக் கொடுத்தால் சூப்பர்வைசர் இனி எந்த ஞாயிறும் தரமாட்டார் என்றும் மட்டும் சொன்னார். அடுத்த வாடிக்கையாளர் வந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை ஆசிரியர் தனியாகத்தான் இருந்தார். நான் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் என்னையும் சுவரோரத்து நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். "அதான் எப்பவும் அங்க போய் ஒட்டிண்டு உக்காந்துக்கறயா? உனக்கு ஃபேன் காத்து ஆகாதுன்னுன்னா நான் நெனச்சுண்டிருந்தேன்!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "சார், கேக்காம எழுதறவன் படி ஏறக் கூடாதுன்னு சொன்னீங்க."

"அது சோம்பேறிக்குச் சொன்னது. நீ பயந்தாங்கொள்ளி. உக்காரு, எழுது. திருத்தம்னு கீழ பொடி எழுத்துல போடமாட்டேன். மேல போடுவேன், உன் பேரோட. காது சமாசாரத்தைப் போடறதா வேண்டாமான்னு நீ முடிவு பண்ணிக்கோ. ஆனா அதைப் போடாம இது யாருக்கும் புரியாது."

போட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் நான் பயந்ததெல்லாம் வந்தது. செவிடன் எழுதும் விமர்சனம் என்று ஒருவர். இதற்கு முன் எழுதியதையெல்லாம் யார் திருத்துவது என்று இன்னொருவர். கிடார்காரர் போனில் கத்தினார். "மச்சி, என்னிய காமெடிப் பீஸாக்கிட்ட. லைட்டுக்காரன்கிட்ட சைலன்ஸுன்னு சொல்லி எல்லாம் செட் பண்ணியாச்சு."அக்கா பாடுவாரா என்று கேட்டேன். "தெரியாது. வெய்டா போன!"

அடையாறில் அது சின்ன அரங்கம்தான். கடைசி வரிசையில் நின்றேன். சிலர் திரும்பிப் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மேடையில் டிரம்ஸ்காரர், பேஸ்காரர், இடது ஓரத்தில் கிடார்காரர். வலது ஓரத்தில் ஒரு மைக் மட்டும், ஆள் இல்லாமல். விளக்கு அணைந்து கிடார்காரர்மேல் மட்டும் வெளிச்சம் விழுந்தது. முதல் பாட்டின் முதல் கேள்வியைப் பாடி நிறுத்தினார். டிரம்ஸ் மெதுவாகப் போனது. ஒன்று. இரண்டு.

தைரியமான முடிவு என்று நான் எழுதிய அதே மௌனம், முந்நூறு பேருக்கு நடுவில். அதைப் போலப் பயங்கரமான ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. மூன்று. மேடை ஓரம் இருட்டாகவே இருந்தது.

நாலாவது தாளத்தில் இருட்டிலிருந்து அந்தக் குரல் வந்தது. வெளிச்சம் தாமதமாக அவரைத் தேடி ஓடியது. கடைச் சீருடையிலேயே வந்திருந்தார். லீவை ரத்து செய்துவிட்டார்களாம், பாதி வேலையில் ஓடிவந்திருக்கிறார்; பிறகுதான் தெரிந்தது. மூன்றாவது பாட்டின் கடைசி அடிக்கு முன் மூச்சை இழுத்துக்கொண்டு கூட்டத்தின் கடைசி வரிசையைப் பார்த்தார். நீட்டினார். இறங்கவில்லை.

அதற்குப் பிறகும் நான் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். கூட்டத்தில் எந்த நாற்காலியிலும் உட்காருகிறேன். இந்தப் பக்கம் வந்து பேசுங்க என்று சொல்லப் பழகிவிட்டேன். பயம் போய்விட்டது என்று முடித்தால் நன்றாக இருக்கும். போகவில்லை. இந்த வருஷம் இடது காதில் அவ்வப்போது ஒரு ரீங்காரம். டாக்டர் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்து என்றார். கேட்டதா, கேட்டதாக நினைத்தேனா என்று தெரியாமல் இரண்டு மூன்று தடவை அழுத்தினேன். கொஞ்சம் குறைந்திருக்கிறது, கவனிப்போம் என்கிறார்.

இந்த வாரம் வந்திருப்பது அக்கா தனியாகப் பாடிய முதல் ஆல்பம். தெரிந்தவர் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு எழுது என்று ஆசிரியர் என்னிடமே கொடுத்தார். ஸ்விட்சைச் சரிபார்த்து ஏழு தடவை கேட்டுவிட்டேன். ஏழாவது பாட்டின் நடுவில் எல்லாம் அடங்குகிற ஓர் இடம் வருகிறது. அங்கே ஏதாவது இருக்கிறதா, நிஜமாகவே ஒன்றும் இல்லையா, என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. விமர்சனம் எழுதுகிறவன் பாடியவரிடம் இதைக் கேட்கக் கூடாது. இன்று காலை போன் செய்து கேட்டேன்.

அந்தப் பக்கம் கடை இரைச்சல். யாரோ பார்டர் இல்லாதது வேண்டும் என்றார்கள். "அத நான் இன்னாத்துக்குச் சொல்லணும்?"என்றார் அக்கா. "கேட்டத எழுது. கேக்காதத, கேக்கலன்னு எழுது. கஸ்டமர் வந்துகீது, வெச்சிடறேன்."

நாளை காலைக்குள் அனுப்ப வேண்டும். ஏழாவது பாட்டின் நடுவில், என்று எழுதி நிறுத்தியிருக்கிறேன்.